நாய்த் தலை, போலீஸ் உடம்பு... குழந்தைகள் கொண்டாடும் காமிக்ஸ் மீது பெரியவர்களுக்கு என்ன கோபம்?

போலீஸ்காரர் உடம்பில் நாயின் தலையைத் தைத்துவிட்டால்? திருடனைத் துரத்தும்போது பந்து கண்ணில் பட்டால் போதும், அதன் பின்னாடி ஓடிடுவார். 2016-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'டாக் மேன்' காமிக்ஸின் ஹீரோ இவர்தான். 2025-ல் படமாகவும் வந்துவிட்டார்.

இதை உருவாக்கிய டேவ் பில்கியின் முந்தைய தொடர் 'கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்'. அமெரிக்க நூலகச் சங்கத்தின் 'அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகங்கள்' பட்டியலில் 2012, 2013 இரண்டு ஆண்டும் அதற்குத்தான் முதலிடம்! ஜட்டி ஜோக், வாத்தியார் கிண்டல், வேணும்னே தப்பாக எழுதிய ஸ்பெல்லிங். பெற்றோருக்குக் கோபம் வராதா என்ன?

ஆனால் பில்கிக்கே டிஸ்லெக்சியா, ஏடிஹெச்டி இரண்டும் உண்டு. சேட்டைக்காக வகுப்புக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட பையன், அங்கேதான் அந்த ஹீரோவை வரைந்தான். அதனால்தான் அவர் புத்தகங்களில் வரிகள் குட்டி குட்டியாக இருக்கும். வார்த்தை புரியாவிட்டாலும் படம் கைகொடுக்கும். பிள்ளை புத்தகத்தை மூடாமல் அடுத்த பக்கம் போகும். இதைப் படிப்பே இல்லை என்பது நியாயமில்லை.

அதற்காக எல்லா எதிர்ப்பும் வீண் என்றில்லை. ஆசியர்களைச் சித்திரித்த விதத்துக்காக, 2010-ல் வந்த 'ஊக் அண்ட் க்ளக்' நூல் 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. பில்கியே மன்னிப்பும் கேட்டார்.