முரட்டு லேப்டாப்பும் பூஞ்சை ஹார்ட் டிஸ்க்கும்

"நெய்வேலி தூசு சார், அதான் ஹார்ட் டிஸ்க் போயிடுது!" எங்கள் டவுன்ஷிப்பில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. கீபோர்டு மேல் டவல் போர்த்தி வைத்த வீடு எங்களுடையது. ஆனால் பழியை நிலக்கரி மேல் போடுவது தவறு என்பது என் கருத்து.

ஹார்ட் டிஸ்க் மூடிய பெட்டி. காற்றழுத்தம் சமமாக ஒரு சிறு துளை உண்டு, அதிலும் ஃபில்டர் இருக்கிறது. தூசு அடைப்பது ஃபேனைத்தான். டிஸ்க்கின் எதிரி ஆட்டம். தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும்போது, ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அப்போது ஓர் அதிர்ச்சி போதும்.

2017ல் சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது மடியில் லேப்டாப் வைத்துப் படம் பார்த்தேன். பண்ருட்டி தாண்டி ஒரு பள்ளம். 'டிக் டிக்' என்று சத்தம், பிறகு நீலத்திரை. படம் போனால் போகட்டும். சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா, அந்த நாட்களைப் பற்றிப் பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன். வேறு காப்பி இல்லை. ரெகவரிக்குக் கேட்ட தொகை வீட்டில் கட்டுப்படியாகவில்லை. தாத்தா இப்போது இல்லை. டிஸ்க் டிராயரில் இருக்கிறது.

இதற்காகவே பானசோனிக் டஃப்புக் போன்ற முரட்டு லேப்டாப்களில் டிஸ்க்கை அதிர்வு தாங்கும் மெத்தைக்குள் வைத்தார்கள். ஐ.பி.எம். 2003ல் திங்க்பேடில், ஆட்டத்தை உணர்ந்து ஹெட்டை ஒதுக்கும் வசதி தந்தது. நல்ல யோசனைகள்தான். ஆனால் செகண்ட் ஹேண்டில் பழைய முரட்டு லேப்டாப் வாங்கும் நண்பர்கள் வெளிக்கவசத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். உள்ளே இருப்பது பத்து வருடம் சுற்றிய டிஸ்க் என்றால் கவசம் என்ன செய்யும்?

இன்னொரு வேடிக்கை. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஹெட்டை அடிக்கடி ஒதுக்குவதும் டிஸ்க்கைத் தேய்க்கும். பல லேப்டாப் டிஸ்க்குகளுக்கு இந்த ஏற்ற இறக்கம் 6 லட்சம் முறை என்று கணக்கு. நிமிடத்துக்கு ஒன்று, தினம் 8 மணி நேரம் என்றால் நாளுக்கு 480. மூன்றரை வருடத்தில் கணக்குத் தீர்ந்துவிடும்! கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் C1 வரியைப் பாருங்கள். 05, C5 வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் வந்தால் அன்றே காப்பி எடுங்கள். கூகுள் 2007ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தது. முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று தெரிந்தது.

என்னைக் கேட்டால், பையில் சுற்றும் லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி.தான். அசையும் பாகமே இல்லை. பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு வீட்டு மேஜையில் பேக்கப்புக்கு வையுங்கள். ஓடும்போது மட்டும் நகர்த்தாதீர்கள். லேப்டாப்பில் இன்னும் பழைய டிஸ்க்தான் என்றால், மூடியைச் சாத்தியதும் பைக்குள் திணிக்காமல் விளக்கு அணையும்வரை பொறுங்கள். பஸ் அதற்குள் போய்விடாது.