வேலிக்குள் என்ன வைத்தோம்?

பாடசாலைகள் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மூடப்பட்டபோது, பாடத்தின் பொருட்டு நம் வீடுகளுட் புகுந்த கைக்கணினி, பாடசாலைகள் திறந்த பின்னரும் வெளியேறவில்லை. பிள்ளைகள் அதனை ‘டப்’ என்று செல்லமாக அழைக்கின்றனர். அதனைப் பிள்ளையின் கையிற் கொடுக்கலாமா, கூடாதா என்னும் வாதம் ஓய்ந்துவிட்டது. கொடுத்தாயிற்று. எவ்வாறு கொடுத்தோம் என்பதே இப்போதுள்ள வினா.

பெரும்பாலான வீடுகளிலே தாயாரின் கணக்கிலேயே பிள்ளையும் உலாவுகின்றது. தாயாருக்கு வரும் கடிதங்கள், படங்கள், கடைக் கணக்குகள் யாவும் அதன் விரலுக்கு எட்டும். சில பெற்றார் இன்னும் ஒருபடி மேற்சென்று, பிள்ளைக்கெனத் தனிக் கணக்குத் திறக்கும்போது பிறந்த ஆண்டைப் பத்து ஆண்டுகள் பின்தள்ளி எழுதிவிடுகின்றனர். பதின்மூன்று வயது நிரம்பாதவர் தாமாகக் கணக்கு வைத்திருக்க இயலாதென்ற விதியைக் கடப்பதற்கு அஃதோர் குறுக்குவழி. பதின்மூன்று என்னும் எண் அமெரிக்க நாடு 1998இல் இயற்றிய ஒரு சட்டத்திலிருந்து வந்தது. அவ்வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விபரங்களைப் பெற்றாரின் சம்மதமின்றி இணைய நிறுவனங்கள் திரட்டலாகாது என்பது அச்சட்டம். வயதைக் கூட்டி எழுதிய பெற்றார், பிள்ளைக்கென அமைந்த அந்தக் காவலைத் தாமே நீக்கிவிடுகின்றனர். எட்டு வயதுப் பாலகனை நிறுவனம் பதினெட்டு வயது இளைஞனென்றே கொள்ளும். அவ்வயதினர்க்கு உரியவற்றையே கொண்டுவந்து காட்டும்.

நேர்வழி கடினமானதன்று. அன்ட்ரொயிட் கருவியாயின், கூகுள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘பமிலி லிங்க்’ என்னும் செயலியைப் பெற்றார் தமது தொலைபேசியில் நிறுவி, பிள்ளையின் மெய்யான பிறந்த திகதியைக் கொடுத்து, தம் பொறுப்பில் அதற்கொரு கணக்குத் திறத்தல் வேண்டும். அக்கணக்கைக் கைக்கணினியில் இட்ட பின்னர், பிள்ளை புதிய செயலியொன்றை விரும்பின் அவ்வேண்டுதல் பெற்றாரிடம் வரும். நாளொன்றுக்கு எத்தனை மணி, இரவு எத்தனை மணிக்குக் கருவி உறங்குதல் வேண்டும், எத்தளங்களைப் பார்க்கலாம் என்பனவற்றையும் அங்கிருந்தே விதிக்கலாம். ஐபேட் வைத்திருப்போருக்கு 2018 முதல் ‘ஸ்கிறீன் டைம்’ என்னும் ஏற்பாடு உண்டு. ஒரே கருவியை வீட்டார் பலர் பாவிப்பின், ஆளுக்கொரு பகுதி பிரித்துக்கொள்ளும் வசதி பல அன்ட்ரொயிட் கருவிகளில் இருக்கின்றது. ஐபேட்டிலோ வீட்டுப் பாவனைக்கு அது வழங்கப்படவில்லை. இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுது வேலை.

இவ்வளவில் வேலி அடைத்தாயிற்று. கதியாலும் நட்டு, கிடுகும் கட்டி, படலையும் பூட்டியாயிற்று. வளவுக்குள் என்ன இருக்கின்றது என்று பார்த்தவர் எத்தனை பேர்? பலருடைய வீட்டுக் கைக்கணினிகளில் நாம் கண்டது, ஆங்கிலப் பாலர் பாட்டுக்கள் சிலவும் நிறந்தீட்டும் விளையாட்டுகள் சிலவுமே. கடைத்தட்டில் முன்வரிசையில் நின்றவை அவை. ஆதலின் உள்ளே வந்தன. தமிழிலே ஒரு கதைப் புத்தகமேனும் தானாக நடந்து வராது. அதனைக் கைப்பிடித்து அழைத்து வருதல் வேண்டும்.

இன்னொன்று. நாளொன்றுக்கு ஒரு மணி என்று விதித்த கடிகாரத்துக்கு விளையாட்டு எது, வாசிப்பு எது என்னும் வேறுபாடு தெரியாது. மோட்டார்க் கார் ஓட்டி விளையாடிய ஐம்பது நிமிடமும் அதற்கு ஒன்றே. எஞ்சிய பத்து நிமிடத்தில் பிள்ளை திறந்த கதைப் புத்தகமும் ஒன்றே. கதையிலே நரி கிணற்றினுள் விழும் தறுவாயில் திரை இருண்டுவிடும். நாளடைவில் பிள்ளை கற்றுக்கொள்வது யாதெனில், கிடைத்த நேரத்தை வாசிப்பிற் செலவிடுதல் நட்டம் என்பதே. வாசிக்கத் தூண்ட வேண்டிய ஏற்பாடே வாசிப்பைக் கொல்லுகின்றது. இதற்கு மாற்று அச்செயலியினுள்ளேயே உண்டு. குறித்த ஒரு செயலியை ‘எப்போதும் அனுமதி’ என்று அமைத்துவிட்டால், அதிற் செலவாகும் நேரம் அன்றைய கணக்கிற் சேராது. மின்னூல் வாசிக்கும் செயலியை அவ்வாறு அமைத்துவிடுக. பெற்றார் செய்யவேண்டிய திருத்தங்களுள் இதனையே நாம் முதலாவதாக வைப்போம்.

நூல்களுக்கு எங்கே போவது? பாடநூல்கள் யாவும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திற் கிடைக்கின்றன. எனினும் பாடநூலை விளையாட்டு நேரத்திற் காட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. கதைகளுக்கு, இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரி வீவர்’ தளம் நன்று. வாசிக்கும் திறனுக்கேற்பப் படி பிரித்து, படங்களுடன், தமிழிலும் கதைகள் இலவசமாக உள்ளன. அவற்றில் ‘நாற்காலி’ என்று வரும்; நம் பிள்ளை அறிந்தது கதிரை. அது கேட்கட்டும், விடை சொல்ல ஒருவர் அருகில் இருந்தாற் போதும். நம் நாட்டு நூல்களுக்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ இருக்கின்றது. தாம் சிறுவயதில் வாசித்த சஞ்சிகை ஏதும் அங்கே கிடைக்குமாயின், அதனைப் பிள்ளைக்கு எடுத்துக் காட்டும் மகிழ்ச்சியைத் தாத்தாமாருக்கு விட்டுவிடலாம்.

பழைய நூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டவை. ஏழு அங்குலத் திரையில் எழுத்துச் சிறுத்துக் கண்ணை வருத்தும். பத்து அங்குலம் தாழ்வில்லை. அன்றியும், அனுமதித்த தளங்களை மட்டுமே காட்டுக என்று விதித்திருப்பின், இந்தத் தளங்களின் பெயரையும் அப்பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் நல்ல நூலுக்கும் படலை பூட்டியே இருக்கும். அதனினும் எளிது, பெற்றார் தம் கணினியில் நூல்களை இறக்கிக் கைக்கணினிக்கு மாற்றிவிடுவது. இணையமும் வேண்டா, மாதக் கடைசியில் ‘டேட்டா’ தீர்ந்ததென்ற கவலையும் இல்லை. ஐந்நூறு நூல்களைக் கொட்டிவிடாதீர்கள். பத்துப் போதும்.

கடவுச்சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லலாகாது. ஆனால் கடவுச்சொல் ஒன்று இருக்கின்றது என்பதையும், எதற்காக என்பதையும் சொல்லிவிடுதல் வேண்டும். களவாகக் காவல் வைத்தால், பத்து வயதில் அதனைக் கண்டுபிடித்து, பதினொன்றில் அதனைத் தாண்டும் வழியையும் அயல்வீட்டுப் பிள்ளையிடம் கேட்டறிந்து விடும். புதிய செயலி வேண்டுமென்ற வேண்டுதல் வரும்போது, பேருந்தில் நின்றபடி ‘ஆம்’ என்று அழுத்திவிடும் பெற்றாரும் உளர். வீடு சென்று, பிள்ளையை அருகிலிருத்தி, அச்செயலியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அழுத்துங்கள். காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தால் பிள்ளைக்கு யாதொரு கேடும் வாராது.

ஞாயிறுதோறும் வாசித்து முடிந்த நூல்களை நீக்கி, புதியனவற்றைப் பிள்ளையே தெரிந்து வைக்கட்டும். தெரிந்தது பேய்க்கதையாயினும் முகஞ்சுளியாதிருங்கள்.