ஸ்ரீஹரிகோட்டா சொல்லும் பனிப்போர்ப் பாடம்

வல்லரசுகளுக்கு இடையே மீண்டும் ஒரு பனிப்போர் தொடங்கிவிட்டதா என்ற கேள்வி தில்லி வட்டாரங்களில் அடிக்கடி எழுகிறது. அணு ஆயுதங்களுக்கு வரம்பு கட்டி அமெரிக்காவும் ரஷியாவும் 2010-ல் கையெழுத்திட்ட 'புதிய ஸ்டார்ட்' ஒப்பந்தத்தில் தனது பங்கேற்பை 2023 பிப்ரவரியில் ரஷியா நிறுத்தி வைத்தது. ஒப்பந்தத்தின் காலவரையறையும் 2026 பிப்ரவரி 5-ம் தேதியோடு முடிந்தது. உலகிலுள்ள அணுகுண்டுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் இவ்விரு நாடுகளின் வசம்தான் இருக்கிறது.

நேருக்கு நேர் மோத அஞ்சும் வல்லரசுகள் தங்கள் பகையின் சுமையை மற்ற நாடுகளின் தோளில் இறக்கி வைப்பதே பனிப்போரின் இயல்பு. அந்தச் சுமை இந்தியாவின் மீது எப்படி இறங்கியது, அதை எப்படிச் சமாளித்தோம் என்பதை அறிய வாஷிங்டனுக்கோ மாஸ்கோவுக்கோ போக வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, இன்றைய திருப்பதி மாவட்டத்தில் அமைந்துள்ள ஸ்ரீஹரிகோட்டாவே போதும்.

அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது 1971 அக்டோபர் 9-ம் தேதி. அதற்குச் சரியாக இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் இந்திய-சோவியத் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அடுத்த இரண்டு மாதங்களில் வங்கதேசப் போர் மூண்டு, அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பல் அதே வங்கக் கடலை நோக்கி அனுப்பப்பட்டது. சோவியத் கப்பல்களும் பின்தொடர்ந்தன.

இத்தனை நெருக்கடியிலும் இந்திய விண்வெளித் துறை ஒரு முகாமுக்குள் முடங்கிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1963-ல் தும்பாவிலிருந்து சீறிய முதல் ராக்கெட் அமெரிக்கா தந்தது. 1975 ஏப்ரலில் ஆர்யபட்டாவைச் சுமந்து சென்றது சோவியத் ராக்கெட். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பைக் கொண்டு சேர்த்தது அமெரிக்கச் செயற்கைக்கோள். அணிசேராமை என்ற சொல்லை மேடைப் பேச்சு என்று எள்ளி நகையாடுவோர் இந்த ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆனால், இரவல் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை 1990-களில் தெரிந்தது. கனமான தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களை ஏவ கிரையோஜெனிக் என்ஜின் தேவைப்பட்டது. அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் கேட்டதைவிடக் குறைந்த விலைக்கு, தொழில்நுட்பத்தையும் சேர்த்துத் தர சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸ் முன்வந்தது. 1991 ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. பனிப்போர் முடிந்தது என்று உலகம் பெருமூச்சு விட்ட பின்னர், 1992 மே மாதத்தில், இஸ்ரோ மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் அமெரிக்கா இரண்டாண்டுத் தடை விதித்தது.

ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவக்கூடாது என்பது அமெரிக்கா சொன்ன காரணம். கிரையோஜெனிக் என்ஜினில் எரிவது திரவ ஹைட்ரஜன். பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிரில் அதைக் காக்க வேண்டும். ஏவுவதற்குச் சற்று முன்னர்தான் நிரப்ப முடியும். நொடியில் சீறிப்பாய வேண்டிய ஏவுகணைக்கு இது பொருந்தாது என்று இந்தியா எடுத்துரைத்தது. வாதம் எடுபடவில்லை. 1993-ல் ரஷியா பணிந்தது. தொழில்நுட்பம் கிடையாது, செய்து முடித்த என்ஜின்களை மட்டும் தருகிறோம் என்றது. கொள்கைப் போர் ஓய்ந்தாலும் வல்லரசுகளின் ஆதாயக் கணக்கு ஓய்வதில்லை; நட்பு நாடும் தன் நெருக்கடியில் தன்னைத்தான் முதலில் காத்துக்கொள்ளும். இவ்விரண்டையும் அன்று நாம் கற்றோம்.

குறை முழுவதையும் அயலார் மீது சுமத்துவதும் நேர்மையாகாது. இந்தியாவின் கிரையோஜெனிக் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்த நம்பி நாராயணன் 1994-ல் உளவு வழக்கில் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று மத்திய புலனாய்வுத் துறை 1996-லேயே கூறியது. அவருக்கு 50 லட்ச ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018-ல். தடையை வெல்ல வேண்டிய தருணத்தில் விஞ்ஞானியைச் சிறையில் அடைத்தது எந்த வல்லரசும் அல்ல.

திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் என்ஜின் சோதனைகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 2010 ஏப்ரலில் முதல் முயற்சி கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ம் தேதி உள்நாட்டு என்ஜினுடன் ஜி.எஸ்.எல்.வி. வெற்றி கண்டது. ரஷிய ஒப்பந்தத்திலிருந்து கணக்கிட்டால் 23 ஆண்டுகள். அந்த இடைவெளியில் நம் கனரகச் செயற்கைக்கோள்கள் பல, கட்டணம் செலுத்தி, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டன. தற்சார்பு மலிவாகக் கிடைக்கும் பண்டம் அல்ல என்பதை மறுக்க முடியாது.

அதன் பலனும் கண்முன் நிற்கிறது. 2025 ஜூலை 30-ம் தேதி, 12 நாள்களுக்கு ஒருமுறை பூமிப்பரப்பை அளந்து பதிவு செய்யும் 'நிசார்' செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணுக்குச் சென்றது. அது அமெரிக்காவின் நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கியது. அதைச் சுமந்தது உள்நாட்டு கிரையோஜெனிக் என்ஜின் பொருத்திய ஜி.எஸ்.எல்.வி. எந்த என்ஜின் நமக்குக் கிடைக்கக்கூடாது என்று தடை வந்ததோ, அதன் துணையோடுதான் தடை விதித்த நாட்டின் கருவி விண்ணில் ஏறியது. இரந்து நின்றபோது கிடைக்காத மரியாதை, செய்து காட்டியபோது கிடைத்தது.

இன்றைய நெருக்கடியில் இந்தப் பாடத்தின் தேவை மிகுதி. ரஷிய எண்ணெய் வாங்கியதற்காக 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்குக் கூடுதலாக 25 சதவீத வரி விதித்தது அமெரிக்கா. அதே ஆண்டு ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு கொண்டுவர, நமது வாகனத் தொழிற்சாலைகள் தடுமாறின. அன்று கிரையோஜெனிக் என்ஜின். இன்று காந்தமும் எண்ணெயும். கழுத்தைப் பிடிக்கும் கை மாறலாம், பிடி மாறவில்லை.

தற்சார்பு என்றால் கதவைச் சாத்திக்கொள்வது என்று பொருளல்ல. எவரிடமும் வாங்கலாம், எவரோடும் சேர்ந்து உழைக்கலாம். ஆனால் ஒருவர் மறுத்தால் நின்றுபோகாத அளவுக்கேனும் கைவசம் திறமை வேண்டும். அத்தகைய நாட்டுக்குத்தான் அணிசேராக் கொள்கை கட்டுப்படியாகும். 2020-21-ல் ஆராய்ச்சிக்காக நாம் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வெறும் 0.64 சதவீதம். ஆராய்ச்சிக்காக ஒரு லட்சம் கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது வரவேற்கத்தக்கது. அந்தப் பணம் ஆய்வகங்களைச் சென்றடைகிறதா என்பதை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் கேட்டறிய வேண்டும். எந்த வல்லரசின் பக்கம் சாய்வது என்ற விவாதத்தைவிட, சாயாமல் நிற்கும் வலுவை எப்போது பெறப்போகிறோம் என்பதே தில்லி பதில் சொல்ல வேண்டிய கேள்வி.