ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவோர்

எங்கள் திருநாவலூரில் கடல் கிடையாது. கடலுக்கும் எங்களுக்கும் குறுக்கே பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் நிற்கின்றன. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் மீன் மொபெட்டில் ஏறி, ஹாரன் அடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிடும்.

போன வாரம் பெட்டியைத் திறந்தால் ஒரே பொடிசு. சங்கராவாம். சத்தியம் செய்தால்தான் நம்பலாம். அத்தனையும் எல்.கே.ஜி. வயசு.

"என்னண்ணே, இது மீனா? மீனோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோவா?"

"வேணாம்னா விடுங்க சார். நீங்க திங்கலேன்னா கோழி திங்கும்."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். இறாலுக்காக விசைப்படகு இழுக்கிற வலை, இறாலை மட்டும் அள்ளுவதில்லை. சங்கராக் குஞ்சு, வஞ்சிரக் குஞ்சு, நண்டு, சங்கு என்று தெருவையே வாரிக்கொண்டு வருகிறது. விலை போகாத பொடிக்குக் 'கழிசல்' என்று பெயர். முன்பு கடலிலேயே கொட்டினார்கள். இப்போது அதைக் காயவைத்து அரைத்து, கோழித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். குப்பைக்கும் விலை வந்தாயிற்று. அப்புறம் யார் குப்பையைக் குறைப்பார்கள்?

நான் பி.காம். அசலைத் தின்றுவிட்டு வட்டி கேட்கிறவனுக்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயர் உண்டு: திவால்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது ஸார். அதுவும் பிரமாதமாக ஒன்றுமில்லை, கண்ணியின் வடிவத்தை மாற்றினால் போதும். வலைப்பையில் நாலு தேங்காயைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். கண்ணியெல்லாம் நீண்டு, இறுகி, ஒட்டிக்கொள்ளும். இழுவலையின் கடைசிப் பையிலும் அதே கதை. டைமன் வடிவக் கண்ணி இழுக்க இழுக்க மூடிக்கொள்கிறது. குஞ்சு நினைத்தாலும் வெளியேற முடியாது. அதே கண்ணியைச் சதுரமாக வைத்தால், இழுக்கும்போதும் திறந்தே இருக்கும். பொடிசுகள் நழுவிவிடும். பெரிசு மாட்டும்.

கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இந்தச் சதுரக் கண்ணியைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறது. இறாலை ஒரு பையிலும் பெரிய மீனை இன்னொரு பையிலும் பிரித்துப்போட்டு, குஞ்சை வெளியே அனுப்புகிற ஒரு சாதனத்தையும் செய்தார்கள். அதற்கு 2005-ல் சர்வதேசப் போட்டியில் பரிசும் கிடைத்தது.

குஞ்சு கதை இப்படி என்றால், ஆமை கதை இன்னும் சோகம். அதற்கு நுரையீரல். மேலே வந்து மூச்சு விடவேண்டும். வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இதற்கும் கருவி உண்டு. வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், நம் வீட்டு ஜன்னல் மாதிரி. இறால் கம்பி இடுக்கில் புகுந்து பைக்குப் போய்விடும். ஆமை முட்டிக்கொண்டு, சறுக்கி, பக்கத்து ஓட்டை வழியே வெளியே போய்விடும். இதன் மூலத்தை யோசித்தவர் விஞ்ஞானி அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து இறால் மீனவர், ஜெல்லி மீன் தொல்லை தாங்காமல் செய்தது!

அந்த அமெரிக்காவே 2019-ல், ஆமைக்கு வழி விடாத வலையில் பிடித்தது என்று நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. ஆமைக்கு வழி விடாததால் இறாலுக்கு வழி அடைபட்டது.

பின்னே ஏன் எல்லோரும் மாட்டவில்லை? மீனவரைத் திட்டுவது சுலபம். டீசல் கடன் அவர் தலையில். ஓட்டை வழியே கொஞ்சம் இறாலும் போய்விடுமோ என்ற பயம். பக்கத்துப் படகு பழைய வலையிலேயே அள்ளும்போது, 'நான் மட்டும் ஏன் தர்மகர்த்தா?' என்ற கேள்வி. இன்றைய லாபம் தனக்கு, நாளைய நஷ்டம் எல்லோருக்கும். நானாக இருந்தாலும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பேன். சட்டம் 1983-லிருந்து இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடையும் இருக்கிறது. 62-ம் நாள் அதே பொடிக்கண்ணி இறங்கினால், அந்த உபவாசத்துக்கு என்ன பலன்? மாட்டினால் எல்லாப் படகும் ஒன்றாக மாட்டவேண்டும். புது வலைக்கு ஆகிற செலவில் ஒரு பங்கை அரசாங்கமும், மீன் விலையில் ஒரு பங்கை நாமும் ஏற்கவேண்டும்.

எங்கள் ஊரில் பிறந்த சுந்தரர், விருத்தாசலத்தில் பொன்னை ஆற்றில் போட்டு, திருவாரூரில் குளத்தில் எடுத்தார் என்பார்கள். அவருக்குச் சிவன் சிநேகிதர், கிடைத்தது. நாம் குஞ்சைக் கடலில் அள்ளிவிட்டு, பெரிய வஞ்சிரத்தை மார்க்கெட்டில் தேடுகிறோம். நமக்கு யார் இருக்கிறார்கள்?

அன்றைக்கு வைராக்கியமாக மீன் வாங்காமல் உள்ளே வந்தேன்.

"என்னங்க, மீன் எங்கே?"

"குஞ்சும்மா. பாவம்."

"அப்ப முட்டைக் குழம்பு வச்சிடறேன்."

சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அந்தக் கோழி என்ன சாப்பிட்டதோ, அதை மட்டும் யோசிக்காமல் இருந்தேன்.