இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண்

எங்கள் குடியிருப்பில் ஏ, பி என இரண்டு பிளாக். ஓய்வுக்குப் பிறகு ஆர்டுயினோ கற்றுக்கொண்ட உற்சாகத்தில், ஏ பிளாக் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் கீழே ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் கருவி ஒன்றைச் செய்து, ஈதர்நெட் கேபிளில் இணைத்தேன். நன்றாக ஓடியது. அதே புரோகிராமில் பிளாக் பெயரை மட்டும் மாற்றி, பி பிளாக்கிலும் ஒன்று வைத்தேன்.

மறுநாள் காலை பி பிளாக்கில் தண்ணீர் இல்லை. திரையில் 'முக்கால் தொட்டி' என்று இருந்ததை நம்பி வாட்ச்மேன் மோட்டார் போடவில்லை. எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும்தான்.

திரையில் இருந்தது முந்தின இரவு வந்த அளவு. அதன்பின் தகவலே வரவில்லை. கேபிளை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன். சிறிது நேரம் வரும், பிறகு நிற்கும். ஒரு கருவியைக் கழற்றினால் மற்றது ஒழுங்காக ஓடியது. ரவுட்டரின் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு கருவிக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது!

ரவுட்டர் ஐபி முகவரியை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. யார் கேட்கிறார்கள் என்பதை மேக் முகவரியை வைத்து அறிகிறது. ஆர்டுயினோ எடுத்துக்காட்டு புரோகிராமில் உள்ள மேக், ஆங்கிலத்தில் 'டெட் பீஃப் ஃபீட்' என்று படிக்கும்படி யாரோ வேடிக்கையாக வைத்தது. அதை இரண்டிலும் நான் அப்படியே விட்டிருந்தேன். அதனால் இரண்டுக்கும் ஒரே ஐபி. ஒன்றுக்கு வரவேண்டிய பதில் இன்னொன்றுக்குப் போயிற்று.

'புரோகிராமிலேயே ஐபியை நிரந்தரமாக எழுதிவிடு, தொல்லை விட்டது' என்று பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. மேக் ஒன்றாக இருந்தால் குழப்பம் அப்போதும் தீராது. போதாததற்கு, அதே எண்ணை ரவுட்டர் யாருடைய செல்போனுக்காவது கொடுத்துவிடலாம்.

என் கட்சி இதுதான். போர்டில் மேக் ஸ்டிக்கர் இருந்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் 02 என்று தொடங்கும் வெவ்வேறு மேக் கொடுங்கள். எந்த மேக்குக்கு எந்த ஐபி என்பதை ரவுட்டரில் பதிந்து வையுங்கள். வாடகை புதுப்பிக்க, லூப்பில் 'மெயின்டெய்ன்' கட்டளையை விட்டுவிடாதீர்கள். பழைய அளவைப் புதியதுபோல் திரையில் காட்டவே காட்டாதீர்கள். இப்போது ஐந்து நிமிடம் தகவல் வராவிட்டால் எங்கள் திரை சிவப்பாகிவிடும்.

அன்று மாலையே வாட்ச்மேனிடம் போய், "தப்பு என்னுதுப்பா" என்றேன். "பரவாயில்ல சார், அதை அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.