சேர்க்கும்போது சிங்கம், கைவிடும்போது பிறவி நோயாளியா?

சேர்வராயன் மலைக் கிற்றூர் ஒன்றின் இளைஞன், ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கி, 1990இல் படையிலே சேர்ந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்பை அளந்தனர்; கண்ணைச் சோதித்தனர்; உடலிலும் உள்ளத்திலும் குறையில்லை என்று முத்திரை குத்தினர். பத்தாண்டு எல்லைக் காவல். உறக்கம் போயிற்று, உள்ளம் குலைந்தது. மனநோய் என்று வீட்டுக்கு அனுப்பினர். ஊன ஓய்வூதியம் கேட்டானா? "இந்நோய் படைப்பணியால் விளைந்ததுமன்று, மிகுந்ததுமன்று, உடற்கூற்றில் உள்ளது" என்றொரு வரி! கதவு மூடிற்று.

அவனைப் போன்றோருக்கென இருந்த 1982ஆம் ஆண்டு விதிகள் கூறியதென்ன? சேர்க்கையின்போது குறிக்கப்படாத நோய் அன்று இல்லையென்றே கொள்க; மெய்ப்பிக்கும் சுமை வீரனுக்கில்லை; ஐயத்தின் பயன் அவனுக்கே! 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அரசு அடங்கியதா? தீர்ப்பாயங்கள் வழங்கிய ஓய்வூதியங்களைத் தடுக்க அது தொடுத்த மேல்முறையீடுகள் 2015இல் தள்ளுபடியாயின. 2025 மே திங்களில், மனச்சிதைவு நோயால் வெளியேற்றப்பட்ட வீரர் ஒருவரின் வழக்கிலே, காரணம் கூறாத மருத்துவக் குழுவின் கருத்தைக் காட்டி உரிமையை மறுத்தல் ஆகாதென்று அதே நீதிமன்றம் மீண்டும் இடித்துரைத்தது.

"மனநோயைச் சேர்க்கையில் கண்டறிய இயலாதே!" என்பர். 2019இல் உச்ச நீதிமன்றமே அவ்வாறு கூறியதுண்டு. இருக்கட்டும். அன்று காண இயலாத ஒன்று, அன்றே இருந்ததென்று இன்று மட்டும் எந்தக் கண்கொண்டு கண்டீர்கள்?

முதல் உலகப் போரில் ஓடினான், அஞ்சினான் என்று பிரிட்டன் தன் படையினர் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. போரதிர்ச்சியால் மனம் சிதைந்தோரும் அவர்களுள் இருந்தனர். மன்னிப்பு வந்தது 2006இல்! அன்று "கோழை" என்றது ஏகாதிபத்தியம். இன்று "உடற்கூறு" என்கிறது நம் ஏடு. சொல் மாறிற்று, பழி மட்டும் வீரன் தலையிலேயே!

சேலத்திலே விண்ணப்பம், சென்னையிலே தீர்ப்பாயம், டில்லியிலே மேல்முறையீடு. மனம் நலிந்தவன் மலையிலிருந்து இத்தனை படி ஏற வேண்டுமாம்! அவன் மனைவி காப்பித் தோட்டக் கூலியை வழக்குக்குக் கொட்ட வேண்டுமாம்!

ஆள்வோரைக் கேட்கிறோம்: தோற்ற வழக்கையே மீண்டும் தொடுக்காதீர். ஒற்றை வரியால் ஒதுக்கப்பட்டோரின் கோப்புகளை நீங்களே திறந்து பாருங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுதுங்கள். எழுதக் காரணம் இல்லையேல், ஓய்வூதியத்தை எழுதுங்கள்!