எலும்புக்கு எட்டாத ஊசியா?

“ஒரு குழந்தைக்கு லட்சக்கணக்கில் நொதி ஊசி, அதுவும் எலும்பைச் சரிசெய்யாது. அந்தப் பணத்தில் நூறு பேரின் காய்ச்சலைத் தீர்க்கலாமே” என்கிறார் நண்பர். கணக்கு பார்ப்பவருக்கு மருத்துவம் பாதிதான் தெரிந்திருக்கிறது.

பிறவியிலேயே ஒரு நொதி குறைவதால் வரும் ஹர்லர், மார்க்கியோ நோய்களில் ஊசி எலும்புக்கு அதிகம் எட்டாது, ஒப்புக்கொள்கிறேன். காச்சர் நோயின் கதை வேறு. உடைபடாத கொழுப்பு மஜ்ஜையில் தேங்கி, எலும்புக்கான ரத்தத்தை நெரிக்கிறது. திடீர்க் காய்ச்சல், தொடையில் உயிர்போகும் வலி. சீழ் என்று நினைத்துக் கத்தி வைப்பதும் உண்டு. தொடை எலும்பின் தலை செத்துவிட்டால் எந்த ஊசியும் அதை மீட்காது. முன்பே தொடங்கினால் அந்த வலித்தாக்குதல்கள் குறைகின்றன. ‘உதவவில்லை’ என்று சொல்லுமுன், எந்த வயதில் தொடங்கினார்கள் என்று கேட்க வேண்டாமா?

ஹர்லரின் மிதமான வகையில் விரல் மடங்காது, சட்டைப் பொத்தான் போட வராது. ஆனால் மூட்டில் வீக்கமில்லை, சூடில்லை. இருந்தும் முடக்குவாதம் என்றே வைத்தியம் ஓடும். மார்க்கியோவில் கழுத்தெலும்பு சரியாக வளராததால், மயக்க மருந்து கொடுக்கத் தலையைச் சாய்த்தாலே தண்டுவடம் நசுங்கலாம். இந்த நோய்களை முன்கூட்டி அறிய ஒரு நொதிப் பரிசோதனை போதும். அதற்கு லட்சங்கள் வேண்டாம்.

மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கை ஒரு நோயாளிக்குத் தரும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். பிள்ளையின் எடை கூடக் கூட மருந்தளவும் கூடும்; சிகிச்சையோ ஆயுளுக்கும். பணம் தீர்ந்தபின் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்க நிற்கும் பெற்றோரிடம் அந்த ‘நூறு பேர்’ கணக்கை நண்பர் நேரில் சொல்லட்டும்.